வெறும் வயிற்றோடு ஒரு பூசை

அத்தியாயம் பதினொன்று

“காலஞ்சென்ற இராஜநாயகத்தின் மகன் ஹியூபேட், வயது இருபத்தைந்து, பிறந்த இடம் மன்னார் பேசாலை, தற்சமயம் இருப்பது கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தை இராசரத்தினத்தின் மகள் றோஸி, வயது இருபத்தொன்று. இவர்களுக்கு இது முதலாம் ஓலை. இந்த விவாகத்துக்கு ஏதும் விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் அதை மறைக்காமல் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டியது.”

மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கலியாண ஓலையில் முதலாவதை வாசித்த சாமியார் கடதாசியை மடித்தார். ஆண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் இருந்த ஹியூபேட் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்திலிருந்த வருங்கால மாமனார் இராசரத்தினம் அவன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். பொடியன் வெட்கப்படுகிறான் என்று அவருக்கு எண்ணம்.

வெட்கம்தான். ஆனால் அவர் நினைத்த வெட்கமல்ல.

விக்கினம் அறிந்தவர்கள் அந்தக் கோயிலுக்குள் இரண்டே பேர். ஒருவன் ஹியூபேட். மற்றவள், பெண்கள் பக்கத்தில் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா மெற்றில்டா.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்த விக்கினம் என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை.

கப்பல் கொம்பனியொன்றில் கிளார்க்கு வேலை கிடைத்துப் பேசாலையிலிருந்து கொழும்புக்கு வந்த ஹியூபேட், மூன்று வருஷமாக அக்கா வீட்டில் இருக்கிறான். அத்தானுக்குத் திருகோணமலையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். போன மாசியில் ஹியூபேட்டுக்குத் தண்ணீர் விடாய் அடங்கவில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மாளிகாவத்தை டொக்டர் மீரா சாஹிப் அவனுடைய மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் கலந்து காய்ச்சிப் பார்த்தார். “சலரோகம், தம்பி. சீனி வருத்தம்” என்றார்.

அன்றுமுதல் விடியற்காலையில் அக்கா வீட்டுக் குளிப்பறையில் ஒரு இரகசியச் சடங்கு நடக்கிறது. ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய், நீல மருந்து, எட்டுத் துளி மூத்திரம். கொதித்த பிறகும் நீலமாகவே நின்றால் நல்ல காலம். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் கவனம். செங்கல் நிறத்துக்கு வந்தால், உடம்பில் சீனி கரைபுரண்டு ஓடுகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுத் தொடையில் இன்சுலின் ஊசி.

டொக்டர் சொல்லித்தந்த கணக்கு ஹியூபேட்டுக்கு மனப்பாடம்.

“சோறு திங்க வாணாம் எண்டு நான் சொல்லல்ல, தம்பி. ஒரு கோப்பை, மட்டமா. பாணெண்டா ரெண்டு துண்டு. இடியப்பமெண்டா நாலு. ஊசி போட்டா அரை மணித்தியாலத்துல திங்கோணும். நீங்க திங்காட்டி ஊசி ஒங்களத் திண்டுரும். விளங்கினா?”

விளங்கியது. ஆறு மாதமாக அந்தக் கணக்குப் பிசகவில்லை. பிசகியது நேற்றுச் சனிக்கிழமை பின்னேரம்தான்.

நேற்று நாலு மணிபோல றோஸியின் தாயார் பிறிஜெற் அம்மா, ஒரு தகர டின் நிறையத் தொதலோடு வந்து இறங்கினார்.

“மகள் ரெண்டு மணித்தியாலம் தாச்சிக்கு முன்னால நிண்டு கிண்டினவள். தம்பி என்ர கண்ணுக்கு முன்னால சாப்பிடவேணும். நான் போய் அவளுக்குச் சொல்லவேணும்.”

ஹியூபேட் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தான்.

“அதென்ன, கோழிக்குஞ்சு கொத்தினமாதிரி? பிடிக்கேல்லையோ?”

“ஐயோ, அப்பிடியில்லை மாமி.”

“அப்ப எடுங்கோ.”

எடுத்தான். நாலு துண்டு. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும், ஆறு மாதத்து ஏக்கமும் சேர்ந்து தொண்டையால் இறங்கியது. பிறிஜெற் அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஐந்து மணிக்குப் புறப்பட்டார். ஆறு மணிக்கு அவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். தொதலைப்பற்றிச் சாமியாரிடம் சொல்லவில்லை. தொதல் தின்பது பாவமா என்ன?

இன்று விடிய ஐந்தரைக்குக் குழாய் அதற்குப் பதில் சொன்னது. அசல் செங்கல்.

சொல்லாமல் விட்ட பாவம் கண்ணாடிக்குள் நிற்பதுபோல இருந்தது அவனுக்கு. சாமியார் கொடுத்த அபராதம் மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம். குழாய்க்கு அவன் தானே ஒரு அபராதம் விதித்தான். வழக்கமான பத்து யூனிற்றுக்குப் பதிலாகப் பதினாறு. ஊசியைப் போட்டு வைக்கும் ஸ்பிரிட் போத்தல் அவசரத்தில் சரிந்து, வெள்ளைக் கோட்டின் வலது கையை நனைத்தது. அவன் அதைக் கவனிக்கவுமில்லை.

மெற்றில்டா குளிப்பறை வாசலில் நின்றாள்.

“போட்டிட்டியா? அப்ப ஏதும் தின்னவேணுமெல்லே?”

“என்னக்கா கதைக்கிறாய்? பூசையில அப்பம் வாங்கி நன்மை எடுக்கிறவன் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணியும் வாயில வைக்கப்படாது.”

“அப்ப ஊசியைப் பூசைக்குப் பிறகு போட்டிருக்கலாமே?”

“குழாயைப் பாத்தனியே? செங்கட்டி. எனக்குப் பயமாக்கிடக்கு.”

“நன்மை எடுக்காம விடு.”

“முதலாம் ஓலையண்டு மாப்பிள்ளை நன்மை எடுக்காட்டி வெள்ளவத்தையார் என்ன நினைப்பினம்? ஏதோ பெரிய பாவத்தோட நிக்கிறானெண்டுதான் நினைப்பினம்.”

 மெற்றில்டாவும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

“ஆறரைக்குப் பூசை. ஏழேகாலுக்கு நன்மை. ஏழரைக்கு வீட்டில நிப்பன். ஒண்டரை மணித்தியாலம் கூடினா என்னக்கா வரப்போகுது?”

சொல்லிவிட்டுக் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். டொக்டர் சொற்படி எந்நேரமும் கிடக்கும் இரண்டு டொபி அங்கே இருந்தன. கை நடுங்கினால், வேர்த்தால், ஒருவரையும் கேட்காமல் வாயில் போடவேண்டிய டொபி. நன்மை எடுக்கப் போகிறவன் தின்பண்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு முழந்தாளிடுவதா? இரண்டையும் எடுத்து முன் அறை யன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போனான்.

ஏழேகாலுக்கு நன்மை என்றது அவன் போட்ட கணக்கு. அன்றைக்குப் பிரசங்கத்துக்கு ஒரு விருந்துச் சாமியார் வந்திருந்தார். ஓலை வாசித்து முடிந்ததும் அவர் மேடை ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை.

ஏழரை ஆயிற்று. சாமியார் நோவாவின் பெட்டகத்திலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

ஏழேமுக்கால். ஹியூபேட்டின் சட்டை முதுகில் ஒட்டியது. காலை வேளை, கதவெல்லாம் திறந்து கடற்காற்று வருகிறது. இவனுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது.

எட்டு மணி. விரல்கள் தாமாக ஆடின. இரண்டு கையையும் கோத்துத் தொடைகளுக்கிடையில் வைத்து அமுக்கினான். பைக்குள் கை போனது. பை வெறுமை.

எழுந்து வெளியே போகலாம். ஓடிப்போய் எதிர்த்தாற்போல இருக்கும் மக்கீன் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஒரு கரண்டி சீனி கேட்கலாம். ஆனால் ஓலை வாசித்த அன்றைக்கு மாப்பிள்ளை நடுப்பூசையில் எழுந்து ஓடினால்? மூன்றாவது வாங்கு. முன்னால் பீடம், பின்னால் ஊர் முழுக்கக் கண். இராசரத்தினத்தின் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

போகவில்லை. வெட்கம் அவனை வாங்கோடு ஆணியடித்து வைத்தது.

எட்டேகாலுக்குப் பிறகு நடந்தவை அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். இராசரத்தினம் முழங்கையைத் தொட்டு, “வாங்கோ தம்பி” என்றார். கால்கள் பஞ்சுமேல் நடந்தன. பீடத்து மெழுகுதிரிகள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன. கிராதியில் முழந்தாளிட்டான். சாமியார் லத்தீனில் சொல்லிக்கொண்டு வந்தார். நாக்கில் மெல்லிய அப்பம் பட்டது, கரைந்தது, போயிற்று.

சாமியார் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். ஹியூபேட்டின் கை நீண்டு அவருடைய உடுப்பின் ஓரத்தைப் பிடித்தது.

“சாமி, இன்னுமொண்டு தாங்கோ.”

யாரோ கேட்டார்கள் என்றுதான் அவன் நினைத்தான். குரல் பெரிதாக, கொழகொழவென்று இருந்தது.

“பசிக்குது சாமி. இன்னுமொண்டு.”

கிராதி நெடுகத் தலைகள் திரும்பின. பெண்கள் பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு, “மாதாவே!” என்றாள். சாமியார் உடுப்பை மெல்ல விடுவித்துக்கொண்டார். ஹியூபேட் சிரித்தான். ஏன் சிரித்தான் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே இராசரத்தினத்தின் தோளில் சாய்ந்து, அப்படியே நிலத்தில் சரிந்தான்.

கோயில் விறாந்தைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ கக்கத்தில் பிடித்தார்கள், யாரோ காலில். ஒரு சின்னக் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

“விலகுங்கோ, காத்துப் படட்டும்.”

“காத்தென்ன காத்து! ஆளைப் பாத்தா விளங்கேல்லையே?”

“சிவ சிவா… இல்லை, யேசுவே! நன்மை எடுக்கிற இடத்தில!”

“பறங்கியன்ர கந்தோரில வேலையெல்லே. பழகியிருப்பான்.”

இராசரத்தினம் குனிந்தார். சுங்கக் கந்தோரில் முப்பது வருஷம் பீப்பாய்களை மணந்து பார்த்த மூக்கு அது. வெள்ளவத்தை மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசியும் அவர்தான். அவன் வாயருகே மூக்கை வைத்தார். பிறகு கழுத்து. பிறகு நெஞ்சில் கிடந்த வலது கை.

அங்கே நின்றார்.

“சாராயம்” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

“மனுசன், கோயில் வாசல், மெல்லக் கதையுங்கோ” என்று பிறிஜெற் அம்மா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார்.

அப்போதுதான் மெற்றில்டா ஓடி வந்தாள். முக்காடு கழுத்தில் கிடந்தது, கையில் ஒரு கண்ணாடித் தம்ளர். தம்பி சரிந்த உடனேயே அவள் பக்கக் கதவால் பாய்ந்து மக்கீன் நானாவின் கடைக்கு ஓடியிருந்தாள். ஆறு கரண்டி சீனி கேட்டாள். கேட்டவளுக்குச் சனத்தின் கண் நினைவுக்கு வந்தது. வெறும் சீனித்தண்ணி கொடுத்தால் ஏனென்று கேட்பார்கள். “நானா, ஒரு தேசிக்காயும் பிழிஞ்சு விடுங்கோ” என்றாள். மக்கீன் நானா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

தம்ளர் ஹியூபேட்டின் பல்லில் தட்டியது. புளிப்பும் இனிப்பும் உள்ளே போயின.

“ஆ, தேசிக்காய்த் தண்ணி. வெறி முறிக்கிறதுக்கு” என்றார் ஒருவர், பெரிய வைத்தியர் மாதிரி.

மெற்றில்டா அதை மறுக்கவில்லை. இராசரத்தினம் அவளை நேரே பார்த்தார்.

“பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். தம்பி குடிக்கிறவரோ?”

ஹியூபேட்டின் காதில் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அக்காவின் குரல் தெளிவாகவே கேட்டது.

“அது ஐயா… ராத்திரி… கந்தோர்ப் பொடியன்மார்… ஓலை வாசிக்கப் போகுதெண்ட சந்தோசத்தில கொஞ்சம்… ஒரு நாளும் இல்லாத பழக்கம், ஐயா.”

இல்லை என்று சொல்ல ஹியூபேட் வாயைத் திறந்தான். நாக்கு இன்னும் அவன் சொற்படி நடக்கவில்லை.

அக்கா வீடு கோயிலிலிருந்து நாலு வீடு தள்ளி. வெள்ளவத்தையார் ஏறிவந்த வாடகைக் கார் வாசலில் நின்றதால் உடனே திரும்பியிருக்கலாம். பிறிஜெற் அம்மாதான், “றோட்டில நிண்டு கதைக்கிற கதையோ இது?” என்று எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

முன் அறை மேசையில் ஓலைநாள் விருந்து காத்திருந்தது. பாற்சோறு, இடியப்பம், சம்பல், ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். நடுவில், மிச்சத் தொதல்.

ஹியூபேட் ஒருவரையும் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தான், பாற்சோற்றை அள்ளினான், வாயில் அடைத்தான். சீனி இறங்கிய உடம்புக்கு வரும் பசி சாதாரணப் பசியல்ல, கை தானாகப் போகும். கோப்பையில் அளந்து தின்றவன், இன்று இடியப்பத்தை எண்ணவேயில்லை. விரலிடுக்கால் சம்பல் வழிந்தது. கை நடுக்கம் முழுக்க நிற்கவில்லை. கொஞ்சம் மடியிலும் விழுந்தது.

றோஸியும் சேர்ந்து நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகள் கை கழுவுமுன்பே மாப்பிள்ளை பந்தியைக் காலி செய்துகொண்டிருந்தான்.

“வெறி இறங்கேக்க இப்பிடித்தான் பசிக்கும். என்ர தம்பிக்கும் இப்பிடித்தான்” என்றார் இராசரத்தினம். குரலில் கோபம் குறைந்து, வேறேதோ ஒன்று இருந்தது. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

மெற்றில்டா மெதுவாகப் பின்பக்கம் குளிப்பறைக்குள் போனாள். குழாயைக் கவிழ்த்து, விளக்கையும் போத்தலையும் கொண்டுபோய்க் குசினி அரிசிப் பெட்டிக்குள் ஒளித்தாள். ஹியூபேட் கை கழுவப் போன சாட்டில் அவளைக் குசினியில் பிடித்தான்.

“என்னக்கா சொன்னனி? நான் ஒரு சொட்டும் குடிச்சறியன்.”

“அது எனக்குத் தெரியும். மாதாவுக்கும் தெரியும். போதாதே?”

“ஊர் முழுக்க என்னைக் குடிகாரனெண்டு…”

“கத்தாத. குடியெண்டா மூண்டு கிழமையில மறந்திடுவினம். குடியை விட்டான், நல்ல பொடியனெண்டு பிறகு புகழுவினம். சலரோகமெண்டா? விடுற வருத்தமே அது? ஆர் உனக்குப் பொம்பிளை குடுப்பினம்? உன்னோட நிக்கப்போகுதே? எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். நாளைக்கு அதுகளையும், அந்த வருத்தக்கார வீட்டுப் பிள்ளையளெண்டுதானே சொல்லுவினம்?”

அவள் கண்கள் நிரம்பின. “கலியாணம் முடியட்டும், தம்பி. பிறகு ஆறுதலாச் சொல்லலாம்.”

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவனை வெட்கப்படுத்தியது. குடிகாரன் என்ற பெயர் சுட்டது. ஆனால் வருத்தக்காரன் என்ற பெயரைவிடக் குறைவாகத்தான் சுட்டது.

பின் முற்றத்துக் குழாயடியில் கோட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் மூக்கில் ஸ்பிரிட் மணம் அடித்தது. இதைத்தான் அவர் மணந்தார்!

“நான் ஒண்டு கேக்கலாமே?”

றோஸி. தம்ளர் கழுவ வந்தவள்போல நின்றாள். உள்ளே பிறிஜெற் அம்மாவின் குரல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மகளுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கிறார்போல.

“எங்கட சித்தப்பா சாகுமட்டும் எங்கட வீட்டிலதான் இருந்தவர். அப்பா சொன்னாரெல்லே, அவர்தான். குடிச்சா அவருக்கு உடம்பு அனல் மாதிரிச் சுடும். உங்கட கை பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. நான்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனான்.”

ஹியூபேட் குழாயைப் பூட்டினான். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டேயிருந்தது.

“நீங்கள் குடிச்சனீங்களோ?”

“ஓம்.”

“என்ன?”

“…சாராயம்.”

“எங்க வைச்சு?”

“புறக்கோட்டையில. கந்தோர்ப் பொடியன்மாரோட.”

“எப்ப? அஞ்சு மணி மட்டும் அம்மா இஞ்ச இருந்தவ. ஆறு மணிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போட்டு வந்து படுத்திட்டீங்களெண்டு உங்கட அக்கா பூசைக்கு முன்னம் எனக்குச் சொன்னவ.”

அவன் சுவரைப் பார்த்தான். தலைகுனிந்து நிற்க ஒரு சுவராவது இருந்ததே என்று நினைத்துக்கொண்டான்.

 றோஸியின் முகத்தில் இருந்த கேள்வி மெல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

“சரி. நீங்கள் சொல்லுறதையே வைச்சுக்கொள்ளுறன். அப்ப இதையும் சொல்லுங்கோ. நாளைக்கு எங்கட வீட்டில நீங்கள் இப்பிடி விழுந்தா, நான் என்ன செய்யிறது? சித்தப்பா விழுந்தா ஒருத்தரும் கிட்டப் போறேல்லை. வெறி முறியட்டுமெண்டு அறைக் கதவைச் சாத்திப்போட்டு நாங்கள் படுத்திடுவம். அப்பிடிச் செய்யட்டோ?”

அவள் குத்திக் கேட்கவில்லை. சமையலுக்கு உப்பு எவ்வளவு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். கல்யாணம் கட்டப்போகிறவள், தெரிந்து வைத்திருக்க வேண்டியதைக் கேட்கிறாள்.

சாத்திய கதவு. இந்தப் பக்கம் றோஸி அழுதுகொண்டிருப்பாள். அந்தப் பக்கம் அவன் வேர்த்து, குளிர்ந்து, ஒரு கரண்டி சீனி இல்லாமல்…

மெற்றில்டா அக்கா அந்த வீட்டில் இருக்கமாட்டாள்.

“றோஸி!” உள்ளேயிருந்து தகப்பன் கூப்பிட்டார். அவள் போய்விட்டாள். 

முன் அறையில் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். இராசரத்தினம் உட்சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையையும் ஒரு உறையையும் எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவற்றை அவர் செபப்புத்தகம் மாதிரி எங்கேயும் கொண்டுதிரிவார்.

“இருங்கோ தம்பி. குடிகாரனுக்கு நான் பிள்ளை குடுக்கமாட்டன். ஆனா குடியை விட்டவனுக்குக் குடுப்பன். என்ர தம்பியை என்னாலை திருத்த ஏலாமப் போச்சு. உங்களைத் திருத்தலாம்.”

“ஐயா…”

“இதில ‘இண்டுமுதல் மது தொடேன்’ எண்டு அடிச்சிருக்கு. பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. வேற ஏதும் மனசில கிடந்தா அதையும் எழுதலாம், பின்பக்கம் வெறுமைதான். எழுதி நீங்களே உறையில போட்டு ஒட்டவேணும். நான் வாசிக்கிறேல்லை, அது சங்கத்து முறை. புதன்கிழமை அஞ்சரைக்குத் தலைவர் உறையை உடைச்சு, சபைக்கு முன்னால முன்னும் பின்னும் வாசிப்பார். அதுக்குப் பிறகு ரெண்டாம் ஓலை.”

“சபையெண்டா, எத்தினை பேர் வருவினம், ஐயா?” என்று மெற்றில்டா கேட்டாள்.

“எண்பது, தொண்ணூறு. பொம்பிளையளும் வருவினம்.”

“வேணாம் மனுசன், பாவம்” என்றார் பிறிஜெற் அம்மா.

“வெட்கப்பட்டாத்தான் திருந்தலாம்.”

மெற்றில்டா பேனையைத் தம்பியின் கையில் திணித்தாள். போடு என்று கண்ணால் கெஞ்சினாள். றோஸி யன்னலருகே வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த யன்னல் கட்டில் இரண்டு டொபி கிடந்தன. அவள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

ஹியூபேட் பெயரை எழுதினான். கையெழுத்துப் போடும் கோட்டுக்கு வந்ததும் பேனை நின்றது. பிறகு அட்டையைத் திருப்பினான். முதுகை வளைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். கந்தோரில் எழுதுவதுபோல அழகாக எழுத வரவில்லை. காது மடல் எரிந்தது. புதன்கிழமை தொண்ணூறு பேர் கேட்கப்போகிறார்கள். நேரே நிமிர்ந்து ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாதவன், தொண்ணூறு பேருக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

“நீட்டுக்கு எழுதுறார். நல்லது, மனசைத் திறந்து எழுதட்டும்” என்றார் இராசரத்தினம்.

உறையில் போட்டான். பசையை நாக்கால் நனைத்து ஒட்டினான். கொடுத்தான்.

அவர் அதை உட்சட்டைப் பைக்குள் வைத்து, மேலால் ஒரு தட்டுத் தட்டினார். கார் கிளம்பியது. பிறிஜெற் அம்மா கையசைத்தார். றோஸி திரும்பிப் பார்க்கவில்லை.

“கையெழுத்துப் போட்டனிதானே?” என்று மெற்றில்டா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கேட்டாள். “அப்பாடா. இனிப் பயமில்லை.”

 கார் திரும்பி மறையும்வரை ஹியூபேட் வாசலில் நின்றான். கார் போகும் பக்கமெல்லாம் அந்த அட்டையும் போனது. முன்பக்கத்தில் கையெழுத்து இல்லை. பின்பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

‘நான் குடிப்பதில்லை. எனக்குச் சலரோகம். ஊசி போட்டுவிட்டு நன்மைக்காகச் சாப்பிடாமல் இருந்தேன், அதனால் விழுந்தேன். அக்கா என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னா. நான் றோஸிக்குச் சொன்னதும் பொய். கலியாணம் வேண்டாமென்றால் நான் கோபிக்கமாட்டேன். இதை வாசிக்கிறவர் தயவுசெய்து றோஸியிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நான் வேர்த்துக் குளிர்ந்து கிடந்தால் கதவைச் சாத்த வேண்டாம், வாயில் சீனி போடச் சொல்லுங்கள்.’